கலக்கிக்கொண்டே தெளிக்கவும்

சுவரில் படியும் வெள்ளைத் திட்டை நான் கறை என்று சொல்வதில்லை. இதற்காக வீட்டிலும் வேலை இடத்திலும் மல்லுக்கு நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், அறுபதுகளின் நடுவில், பம்பாய் செம்பூரில் நான் பார்த்த முதல் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

ரசாயனத்தில் பட்டம் வாங்கியிருந்தேன். மாட்டுங்காவில் என்னோடு படித்தவர்கள் வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மனுப் போட்டார்கள். நான் பூச்சி ஒழிக்கும் கம்பெனிக்குப் போட்டேன். தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு, முன்பக்கம் ஆபீஸ் அறை, பின்பக்கம் குழாயும் தொட்டியும் உள்ள ஒரு மூலை, அவ்வளவுதான் கம்பெனி. அந்த மூலைக்கு லேபாரட்டரி என்று பெயர். முந்தைய வருஷம் எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்க வந்தவர்கள் இவர்கள்தான். அப்படித்தான் அப்பாவுக்கு இந்தக் கம்பெனியைத் தெரியும். மனுப் போடச் சொன்னவரும் அவரே. மேசையில் உட்கார்ந்து எழுதுகிற வேலை என்று நினைத்திருந்தார்.

அவர் நினைத்ததில் தவறில்லை. எனக்குக் கொடுத்தவை மூன்று வேலைகள்: டின்களில் ஒட்டும் லேபிள் எழுதுவது, வாடிக்கையாளர் கார்டுகளை நிரப்புவது, கண்ணாடிக் குவளைகளைக் கழுவுவது. மூன்றையும் செய்தேன். நான்காவதாக, யாரும் கேட்காமலேயே ஒரு நோட்டுப் போட்டேன். பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் புரியாது.

அந்த நோட்டின் முதல் பக்கங்களில் மருந்துகளின் உருவங்கள் இருந்தன. நஞ்சு ஒன்றாகவே இருக்கலாம். அது வரும் உருவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுப்பது ஒன்று. எங்கள் ஆட்கள் அதைப் பால் மருந்து என்பார்கள். எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவருக்கும் பாலிஷ் போட்ட அலமாரிக்கும் அது நல்லது. பூசாத செங்கல்லிலும் சுண்ணாம்பு போன்ற டிஸ்டெம்பர் பூசிய சுவரிலும் பாலிஷ் போடாத பலகையிலும் அடித்தால் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், மேலே ஒன்றும் மிஞ்சாது. மண்ணெண்ணெயில் கரைத்தது இன்னொன்று. கறை விடாது, இடுக்குகளில் நன்றாக இறங்கும். ஆனால் அடுப்பு எரியும் இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உலர்ந்த தூளைக் குழாய் இடுக்கிலும் தரைப்பலகைக்கு அடியிலும் ஊதலாம். மனிதர்கள் படுக்கும் இடத்தில் ஊதக் கூடாது.

நான்காவது, தண்ணீரில் கலக்குகிற பொடி. களிமண் போன்ற ஒரு தூளின் மேல் மருந்து ஏற்றப்பட்டிருக்கும். அது தண்ணீரில் கரையாது. கலக்கிக்கொண்டிருக்கும் வரை மிதக்கும், விட்டால் அடியில் படியும். சுவரில் அடித்ததும் தண்ணீர் உலர்ந்து போக, பொடி மட்டும் மேலேயே நிற்கும். பூச்சியின் கால் படுவது அதன்மேல்தான். அந்த வெள்ளைதான் மருந்து. வெள்ளை தெரியவில்லை என்றால் அங்கே மருந்து இல்லை.

அந்த டின்களுக்கெல்லாம் ஹிந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் நான் ஒரே வாக்கியத்தை எழுதினேன்: கலக்கிக்கொண்டே தெளிக்கவும். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். ஏழு மாதம் அதைச் சளைக்காமல் எழுதினேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் ஆபீஸுக்குள் வந்தார். நாற்பது வயதிருக்கும். தாராவியில் மெஸ் நடத்துகிறவர், எல்லோருக்கும் மெஸ்ஸக்கா. கீழே சமையலும் பந்தியும், மேலே பலகைப் பரணில் பதினெட்டு ஆட்கள் ஷிஃப்ட் முறையில் படுப்பார்கள். அத்தனை பேரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள். மூன்று வாரம் முன்பு அங்கே எங்கள் கம்பெனி மருந்து அடித்திருந்தது. அவர் மேனேஜரின் மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்துத் திறந்தார். உள்ளிருந்து மூட்டைப்பூச்சிகள் பொலபொலவென்று வெளியேறி மேசை விரிப்பின்மேல் நடந்தன.

மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "ஏம்மா, இது ஆபீஸ்!"

"தெரியும் சார். என் வீட்ல இருந்தா எனக்குப் பாரம்லா, அதான் உங்க வீட்டுக்குக் கொண்டாந்தேன். நீங்க மருந்து அடிச்ச கட்மலு எப்படிக் கொழுகொழுன்னு இருக்குன்னு பாருங்க."

"மருந்தெல்லாம் சரியாத்தான் அடிச்சிருக்கோம். இடம் சுத்தமா இல்லேன்னா நாங்க என்ன பண்றது? பதினெட்டு பேர் படுக்கிற எடத்துல பூச்சி வராம பூவா வரும்?"

அவர் முகம் மாறியது. "என்ன சொன்னிய? சுத்தம் இல்லையா? சார், நான் சோறு போடுதவ. இந்த வார்த்தைய தாராவியில எவன் காதுலயாவது போட்டா என் மெஸ்ஸுல நாளைக்கு எவன் கை நனைப்பான்? ரெண்டு பேரு பெட்டியத் தூக்கிட்டுக் கோவண்டிக்குப் போயிட்டான். மிச்சம் உள்ளவன் மாசக் கடைசி வரைக்கும் பாக்கோம்னு சொல்லிட்டான். மறுபடி வந்து அடிப்பியளா, மாட்டியளா?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், கார்டுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்கோ. அதுல 'அசுத்தம்'னு எழுதிடுங்கோ. ரெண்டாவது தடவை இலவசம் கிடையாது."

கார்டு என் முன்னால் இருந்தது. கார்பன் தாளும் வைத்திருந்தேன். பிரதி வாடிக்கையாளருக்குப் போகும். அந்த ஒரு சொல்லைக் கட்டத்துக்குள் எழுதினால், இந்தப் பெண்ணின் மெஸ்ஸை என் கையாலேயே மூடியதாகும். பேனாவைக் கீழே வைத்தேன்.

"காரணம் தெரிஞ்சப்புறம் எழுதறேன் சார்" என்றேன்.

"காரணம்தான் நான் சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னேள். எனக்கு இன்னும் தெரியலை."

மெஸ்ஸக்கா என்னை முதன்முறையாகப் பார்த்தார். "இது யாரு, உங்க மகளா?" என்று மேனேஜரிடம் கேட்டார். இல்லை என்று அவர் அவசரமாகத் தலையாட்டினார்.

அன்று மதியம் புகார்க் கோப்பைப் பிரித்து உட்கார்ந்தேன். எந்த உருவ மருந்து, எந்த இடம், என்ன புகார் என்று மூன்று பத்தி. இரண்டு மணி நேரத்தில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. பூச்சி போகவில்லை என்ற புகார்கள் முழுக்கப் பொடி மருந்து அடித்த இடங்களிலிருந்து வந்திருந்தன. பால் மருந்துக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. இரண்டாவது விசித்திரமானது. பொடி மருந்துக்கு முதலில் வந்த புகார்கள் வேறு மாதிரி இருந்தன: டிஸ்டெம்பர் பாழாகிவிட்டது, சுவரெல்லாம் வெள்ளைக் கறை. ஒரு கட்டத்தில் அவை சட்டென்று நின்றுவிடுகின்றன. அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான் பூச்சிப் புகார்கள் ஆரம்பிக்கின்றன. யாரோ கறையை நிறுத்தியிருக்கிறார்கள். கறையோடு மருந்தும் நின்றுவிட்டது.

கறைக் கடிதங்களில் மிகக் கடுமையானதை இரண்டாவது முறை பார்த்தபோதுதான் கையெழுத்தைக் கவனித்தேன். நல்ல ஆங்கிலத்தில், ஓரம் விட்டு, பத்தி பிரித்து எழுதிய ஒன்றரைப் பக்கம். அப்பாவுடையது.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். அப்பா பத்திரிகையை மடக்கினார்.

"எழுதினேனே. அப்போதான் ஹால் முழுக்க டிஸ்டெம்பர் அடிச்சிருந்தது. உங்கம்மா அழாத குறை. எழுதினப்புறம் வந்து அழகா அடிச்சுட்டுப் போனான், ஒரு பொட்டுகூடத் தெரியலை."

"பூச்சி போச்சா, அப்பா?"

உள்ளேயிருந்து அம்மா பதில் சொன்னாள். "எங்கேடி போச்சு? கட்டிலைத்தான் வித்தோம்."

அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் நான் தாராவிக்கு ஆட்களோடு போகப் போகிறேன் என்றதும் அவர் முகம் இன்னும் இறுகியது. "உன்னை மேசை வேலைக்குத்தானே எடுத்தா?" என்றார். "மேசையிலேருந்து பார்த்தா சுவர் தெரியலை" என்றேன். பெண்கள் வேலை நடக்கும் இடத்துக்குப் போவது கம்பெனி வழக்கம் இல்லை என்று மேனேஜரும் சொல்லியிருந்தார். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.

எங்கள் மருந்தடிப்பவர்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். திருச்செந்தூர்ப் பக்கம், தாராவியிலேயே குடியிருப்பு. மெஸ்ஸில் மருந்து அடித்தவரும் அவரே, தினமும் மதியம் அங்கே சாப்பிடுகிறவரும் அவரே. மறுநாள் அவருக்குத் தாராவியில் ஒரு தோல் கிடங்கில் வேலை. மாட்டுங்காவிலிருந்து ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தே போய்விட்டேன். என்னைக் கண்டதும் அவர் பீடியைக் காலால் நசுக்கினார்.

"என்ன தாயி, லேபரட்டரி நடந்து வருது?"

"நீங்க கலக்கறதைப் பார்க்கணும், அண்ணாச்சி."

அவருக்குப் பெருமை. பொடியை அளந்து வாளியில் கொட்டினார், அளவு துல்லியம். தண்ணீர் ஊற்றினார், நன்றாகக் கலக்கினார். கொத்தமல்லி அழுகியதுபோல, பொடியில் இருந்த மாலத்தியான் நஞ்சின் நெடி எழுந்தது. பிறகு வாளியை நிழலில் வைத்துவிட்டுத் திண்டில் உட்கார்ந்தார். நானும் காத்திருந்தேன். கால்மணி நேரத்தில் மேலே தண்ணீர் தெளிந்தது. அந்தத் தெளிவை ஒரு பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பம்பில் ஊற்றினார். அடியில் நின்ற வெள்ளை மண்டியைச் சாக்கடையில் சாய்த்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

நான் சாக்கடையைக் காட்டினேன். "எப்பலேருந்து இப்படிப் பண்றேள்?"

"ஒரு வருசமாச்சு. கறை வரக் கூடாதுன்னு மாட்டுங்காவுலருந்து ஒரே லெட்டராப் போட்டுத் தள்ளினாங்கள்லா. கறை வந்தா ஆள மாத்திருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. பம்பு முனையும் சும்மா சும்மா அடைச்சுக்கிடும். யோசிச்சுப் பாத்தேன். சுக்குக் கசாயம் வச்சா சாறத்தானே குடிக்கோம், சக்கையையா திங்கோம்? சத்து பூரா தண்ணியில எறங்கிரும். மோந்து பாருங்க, வாசனை இருக்கா இல்லையா? நம்ம பயலுவ எல்லாத்துக்கும் நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

வாசனை இருந்தது. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியிருந்தது. கொஞ்சம் தண்ணீரில் இறங்கியிருக்கலாம். கொல்லும் அளவு மொத்தமும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும் டிக்காஷனை இறக்கிவிட்டுத் தூளைத்தான் கொட்டுகிறோம். ரசத்தில் தெளிவு வேண்டும் என்று அப்பா தட்டை நீட்டுவார். அண்ணாச்சி செய்தது முட்டாள்தனம் இல்லை. எங்கள் எல்லாச் சமையலறைகளும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் செய்திருக்கிறார்.

"டின்ல நான் எழுதியிருந்தேனே அண்ணாச்சி, கலக்கிண்டே தெளிக்கணும்னு."

அவர் டின்னைத் திருப்பி என் அச்சுப்போன்ற எழுத்தைப் பார்த்தார். "இதுவா? கம்பெனி பேருன்னுலா நெனச்சேன். எனக்கு எழுத்து தெரியாது தாயி. நம்ம ஆளுவ ஒருத்தனுக்கும் தெரியாது."

ஏழு மாதம் மூன்று மொழிகளில் நான் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. அதை ஒருநாள்கூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நோட்டில் என் பெயருக்கு எதிராக அதையும் எழுதிவைத்தேன்.

சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று தெரிந்தது. அவரையும் அழைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போய், மெஸ்ஸக்காவிடம் இன்னொரு தீப்பெட்டி நிறையப் பூச்சி கேட்டேன். "பண்டமா கேக்கா, கட்மலு கேக்கா" என்று சிரித்துக்கொண்டே பரணுக்கு ஏறி, ஐந்தே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தார். பூசாத செங்கல் இரண்டும் எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனோம். ஒரு செங்கல்லில் அண்ணாச்சியின் தெளிவைப் பூசினேன், இன்னொன்றில் கலங்கலைக் கலங்கலாகவே. உலர்ந்ததும் இரண்டின்மேலும் லாந்தர் கண்ணாடியைக் கவிழ்த்து, உள்ளே பத்துப் பத்துப் பூச்சி விட்டு, மேல்வாயைத் துணியால் கட்டினேன்.

மறுநாள் காலை எனக்கு முன்பே அண்ணாச்சி அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் செங்கல்லில் பத்தும் மல்லாந்து கிடந்தன. தெளிவு பூசியதில் பத்தும் நடந்துகொண்டிருந்தன. ஒன்று கண்ணாடியில் ஏற முயன்று சறுக்கியது.

"ஒரு வருசமா நான் சாக்கடைக்கு வைத்தியம் பாத்திருக்கேன்" என்றார்.

மேனேஜரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு கண்ணாடிகளையும் குனிந்து பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "சரி, இனிமே கலக்கி அடிக்கச் சொல்லிடலாம். அந்த மெஸ்ஸுக்கும் இன்னொரு தடவை சும்மா அடிச்சுக் குடுத்துடலாம். ஆனா கார்டுல 'அசுத்தம்'னே இருக்கட்டும், மிஸ். நம்ம தப்புன்னு நாமே எழுதி ஃபைல்ல வெச்சா முதலாளி கண்ணுல படும். ஒரு வருஷத்து வேலை எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்."

"படட்டும் சார்."

"பூச்சி போனா அவளுக்குப் போதாதா? ஒரு வார்த்தைதானே?"

"அந்த வார்த்தையோட அவா எப்படிச் சோறு போடுவா?"

கார்டை எடுத்தேன். கார்பனை நேராக்கினேன். காரணம் என்ற கட்டத்தில் தமிழில் எழுதினேன்: "மருந்தைக் கலக்காமல் தெளிந்த நீரை மட்டும் அடித்தது. தவறு கம்பெனியுடையது. இடம் சுத்தமாக இருந்தது. வாடிக்கையாளர் குற்றம் எதுவும் இல்லை." கட்டத்தில் இடம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு, மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"இந்தக் கார்டு ஃபைலுக்குப் போச்சுன்னா திங்கக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"வருவேன் சார்" என்றேன். கார்டைக் கோப்பில் செருகினேன். பிரதியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மெஸ்ஸில் அடுப்பை அணைத்தோம். பாத்திரங்களையும் அரிசியையும் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனோம். பாய்களும் தலையணைகளும் சந்தில் வெயிலில் கிடந்தன. ஒவ்வொரு வாளியிலும் கலக்குவதற்கென்று ஒரு கம்பைக் கயிற்றால் கட்டியிருந்தேன். அதைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. வேட்டித் துணிக்குப் பதில் கம்பி வலையில் வடிகட்டினோம். பொடியும் இறங்கும், முனையும் அடைக்காது. அண்ணாச்சி பம்பைக் குலுக்கிக் குலுக்கிப் பலகை இடுக்குகளில் அடித்தார். பரணின் அடிப்பக்கத்தைப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு நான் அடித்தேன்.

சந்தில் நின்ற ஆட்களில் ஒருவன் சிரித்தான். "ஏல, பொம்பள பம்பு அடிக்கா பாரு!"

"ஆமா, ஆம்பள அடிச்சு நீ சொறிஞ்சது போதும், வாய மூடுல" என்றார் மெஸ்ஸக்கா.

உலர்ந்தபோது பலகையும் செங்கல்லும் திட்டுத்திட்டாக வெளுத்தன. இன்னொருவன் இதென்ன கறை என்று முனகினான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சியே சொன்னார்: "கறை இல்லலே, அதான் மருந்து. தொடைச்சேன்னா கைய ஒடிச்சிருவேன்."

சுக்குக் கசாயம்போல நினைத்துத் தெளிவை மட்டும் அடித்த கதையையும் அவரே சொன்னார். அப்போதுதான் மெஸ்ஸக்காவுக்கு நடந்தது முழுவதும் புரிந்தது. இடுப்பில் கைவைத்து அவர் அண்ணாச்சியின் முன்னால் வந்து நின்றார்.

"ஓஹோ! கசாயமா காச்சினீரு? என் பொழப்புல? நாளையிலருந்து உமக்குச் சோத்த வடிச்சுக் கஞ்சித்தண்ணிய மட்டும் ஊத்துதேன். சோத்தப் பூரா சாக்கடையில கொட்டுதேன். சத்து அதுல எறங்கிருக்கும்லா, குடிச்சுட்டுப் போம்!"

சந்தே சிரித்தது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வாளியைக் கலக்கினார்.

பிரதியை மெஸ்ஸக்காவிடம் கொடுத்து, எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். "இடம் சுத்தமாக இருந்தது" என்ற இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "இத இன்னொருக்கா, சத்தமா, அந்தப் பயலுவளுக்கும் கேக்கட்டும்." சந்தைப் பார்த்து உரக்க வாசித்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். என் மேசையில் உட்கார்ந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், டீ வாங்கிவரச் சொல்லி வெளியே குரல் கொடுத்தார். அந்த வாரம் முதலாளி வந்து கார்டைப் படித்தார். கறைக் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், பொடி அடித்த பழைய இடங்களின் பட்டியல் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதில் எங்கள் வீடும் இருந்தது.

மாட்டுங்காவில் எங்கள் ஹாலுக்கு நானே அண்ணாச்சியை அழைத்துப் போனேன். அம்மா ஈரத்துணியோடு காத்திருந்தாள். நான் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன்.

"நாலு பேர் வர எடம்டி."

"வரட்டும். பூச்சி இல்லாத வீடுன்னு சொல்லு."

அப்பா இன்னொரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார். எழுதுங்கள், அதை நான்தான் கோப்பில் வைப்பேன் என்றேன். அவர் எழுதவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சுவர் வெள்ளையாகவே இருந்தது.

முட்டைகளிலிருந்து வருபவற்றுக்காக இரண்டு வாரம் கழித்து மெஸ்ஸில் இன்னொரு முறை பார்க்கப் போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. பரணில் ஏறி ஒவ்வொரு பலகை இடுக்கிலும் டார்ச் அடித்தேன். ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்தேன்: பதினேழு பாய்கள். கோவண்டிக்குப் போனவர்களில் ஒருவன் திரும்பி வந்திருந்தான். இன்னொருவன் வரவேயில்லை.

கீழே இறங்கியபோது, பந்திக்கு நேர் எதிர்ச் சுவரில் என் கார்பன் பிரதி சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளைத் திட்டுகள். ஓரத்தில் எழுதியதும் சேர்த்து எல்லா வரியும் தெரிந்தது. எழுத்துத் தெரிந்த ஒருவன் சாப்பிட்டுக்கொண்டே அதை ராகம் போட்டுப் படித்தான். வரிசையின் கடைசியில் அண்ணாச்சி குனிந்து பிசைந்துகொண்டிருந்தார்.

"தினமும் இதக் கேட்டுக்கிட்டுதான் திங்கணும்னு உத்தரவு, தாயி" என்றார்.

"ஒட்டினதக் கிழிக்கவாக்கா?" என்று ஒருவன் கேட்டான். "அண்ணாச்சி பாவம்லா."

மெஸ்ஸக்கா சாம்பார் வாளியின் அடிவரை கரண்டியை விட்டுக் கலக்கி, அண்ணாச்சியின் தட்டில் பருப்போடு ஊற்றினார். "அதுல கை வச்சுப் பாரு" என்றார், கிழிக்கக் கேட்டவனைப் பார்த்து.